நூற்றெண்பத்தெட்டு கப்

சுலோச்சனா அன்று காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் நூற்றெண்பத்தெட்டு கப்புகளை உடைத்தாள். அவை கம்பெனியைக் காப்பாற்ற வந்த கப்புகள் என்பது பன்னிரண்டேகாலுக்குத் தெரிந்தது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கே.ஜி.கண்டிகை கிளி மார்க் பீங்கான் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு சாமானையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டுவாள். கக்கூஸ் பேசின் என்றால் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டுவாள். 'டங்' என்று ஓசை நீண்டால் உள்ளே கீறல் இல்லை. 'டக்' என்று அடங்கிவிட்டால் கீறல். ஓசை தேறிய சாமானை அப்புறம் கண்ணால் பார்ப்பாள். நெளிவு, வழிசல், ஊசித்துளை, திட்டு என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் சாமான் பக்கத்துச் சிமென்ட் தொட்டிக்குப் போகும். அங்கே இரும்புச் சுத்தி. ஒரே போடு.

கழித்ததை ஏன் உடைக்க வேண்டும், குறைந்த விலைக்கு விற்கலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. விற்றுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை, கழித்துப் போட்ட பேசின் ஒன்றை யாரோ கேட் வழியாக வெளியே கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தள்ளிவிட்டார்கள். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அதில் உட்கார்ந்தார். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தார். அன்றைக்கு முதலாளி பங்காரு ஒரு சட்டம் போட்டார்: கழித்த சாமான் முழுசாகக் கேட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே அந்தச் சட்டத்துக்குப் பொறுப்பு சுலோச்சனா. கேட்டில் பொறுப்பு வாட்ச்மேன் பூபாலன். வேலை முடிந்து போகிறவர்களின் பையை, அது சுலோச்சனாவின் பையாக இருந்தாலும், அவன் திறந்து பார்க்காமல் விட்டதில்லை.

கம்பெனிக்கு அப்போதெல்லாம் ஐந்து சூளை, அறுநூறு ஆள், மூன்று ஷிப்ட். சங்கு ஊதினால் கண்டிகை டீக்கடைகளில் அடுப்பு பற்ற வைப்பார்கள். முதலில் ஊறுகாய் ஜாடி. கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறி இறங்கியவர்கள் ஒரு கையில் பிரசாதமும் ஒரு கையில் ஜாடியுமாக பஸ் ஏறினார்கள். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து ஆவக்காய் சீசனில் லாரியே வரும். அப்புறம் பியூஸ் கட்டை, கரண்ட் கம்பத்துக் கிண்ணம். அப்புறம் பேசின். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தின் ஊறுகாய், கரண்ட், கக்கூஸ் மூன்றுக்கும் கிளி மார்க்தான் பொறுப்பு.

ஜாடியை பிளாஸ்டிக் டப்பா சாப்பிட்டது. பியூஸ் கட்டையை டிரிப் சுவிட்சு சாப்பிட்டது. பேசினை வடக்கேயிருந்து வந்த பளபளப்பு லாரிகள் சாப்பிட்டன. முதல் சூளையில் இப்போது பக்கத்து வயல்காரரின் வைக்கோல். இரண்டாவதில் பூபாலனின் ஆடுகள். மூன்றாவதும் நாலாவதும் இருந்த இடத்தில் மனை பிரித்து ஒரு நகர் என்று போர்டு வைத்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. போர்டுக்கு மட்டும் வருஷா வருஷம் பெயின்ட் அடித்தார்கள். மிச்சம் ஐந்தாவது சூளையும் இருபத்து மூன்று ஆட்களும்.

அந்த இருபத்து மூன்று பேரையும் வைத்துக்கொண்டு கம்பெனியை நடத்தியவள் பங்காருவின் மகள் புவனா. அப்பா படுத்த பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவள். போன மாதம் ஆடிக் கிருத்திகையன்று, எல்லோரும் மலைக்குப் போயிருந்தபோது, அவளைத் தேடி சென்னையிலிருந்து மோனிகா என்ற பெண் காரில் வந்தாள். கடற்கரை ரோட்டில் திறக்கப்போகும் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாமான் தேர்வு செய்கிறவள். புவனா மேஜையில் துணி விரித்து, இருப்பதிலேயே நேரான, வழவழப்பான கப்புகளை வரிசையாக வைத்துக் காட்டினாள். மோனிகா மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "ரெஸ்ட்ரூம் எங்கே?" என்று கேட்டாள்.

அதற்குப் போகிற வழியில்தான் உடைசல் மேடு இருந்தது. முப்பத்தோரு வருஷமாக சுலோச்சனா உடைத்ததெல்லாம் அங்கே பனை உயரத்துக்குக் கிடந்தது. போன மோனிகா அரை மணி நேரம் திரும்பவில்லை. திரும்பியபோது முழங்கால்வரை புழுதி. கையில் பாதி ஜாடி. அதன் வாய் நெளிந்திருந்தது, பூச்சு அழுது வழிந்திருந்தது.

"இதுதான் வேணும். ஆயிரத்து இருநூறு கப். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது. முதல்ல இருநூறு செஞ்சு காட்டுங்க."

இதெல்லாம் நடந்தபோது சுலோச்சனா அரக்கோணத்தில் மகள் உதயாவின் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் லீவில் இருந்தாள். மேனேஜர் ஹேமநாதன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தை விளக்கமாகப் பேசி அனுப்பியிருந்தான். அந்தக் குழுவில் தினமும் பழைய ஆட்களும் சேர்ந்து நாற்பது பேர் காலை வணக்கம் என்று முருகன் படம் போடுவார்கள். சுலோச்சனா பதினோராவது வேல் வரைக்கும் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டாள். லீவு முடிந்து திரும்பிய அன்று முதல் லோடு சூளையிலிருந்து இறங்கியிருந்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியை எடுத்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு ஹேமநாதன் வந்தான். தொட்டியைப் பார்த்தான். அருகிலிருந்த களிமண் மூட்டையில் உட்கார்ந்தான்.

"இன்னாக்கா இது?"

"அத நான் கேக்கணும். நாலு நாள் நான் இல்லன்னா இப்டியா? எவன் அச்சு பிரிச்சான்? ஈரத்தோட பிரிச்சிக்கிறான், அத்தினியும் கோணல். பூச்சு பாயசம் மாதிரி வழிஞ்சிகினு கீது. வெக்கமா இல்ல?"

"எத்தினி உடைச்சே?"

"நூத்தி எண்பத்தெட்டு. பன்னெண்டு தேறிச்சி. அந்தா பாரு, முத்து மாதிரி கீது."

ஹேமநாதன் அந்தப் பன்னிரண்டையும் பார்த்தான். "அதுதான்க்கா ரிஜக்ட்டு" என்றான்.

வெயில் அவன் மண்டையில் ஏறிவிட்டது என்று சுலோச்சனா நினைத்தாள். அவன் முழுக்கச் சொல்லி முடித்தபோது தனக்கு ஏறியிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

புவனா வந்தாள். திட்டவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள், திரும்பப் போட்டாள்.

"மறுபடி செய்யலாம்க்கா. அந்தம்மா வர இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஆனா இதுவும் இல்லன்னா சூளைய அணைக்க வேண்டியதுதான். எனக்கு வேற வழி தெரியல."

திட்டியிருந்தால் சுலோச்சனா பதில் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்முன் சேதி போய்விட்டது. அவள் புருஷன் கண்ணையன் கண்டிகைக்கும் திருத்தணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாலாவது சூளை எரிந்த காலத்தில் அதற்கு எரிபோட்டவன். ஆட்டோவில் ஏறிய அத்தனை பேரும் அவனிடம் துக்கம் விசாரித்திருந்தார்கள்.

"முப்பத்தோரு வருஷம் ஒழுங்கா உடைச்ச. எவனாச்சும் ஒரு வார்த்த சொன்னானா? ஒரு நாள் உடைச்சதுக்கு ஊரே பேசுது" என்றான்.

"நீ வாய மூடிகினு துன்னு."

"துன்னுகினுதான் கீறேன். இன்னா தப்புன்றேன். கோணலா இருந்தா உடைக்கச் சொன்னாங்க, உடைச்ச."

"இருபத்து மூணு பேரு சோறுய்யா அது" என்றாள் சுலோச்சனா.

மறுநாளே ஹேமநாதன் புதிதாக இருபது கப் செய்யச் சொன்னான். "எல்லாரும் கோணலா பண்ணுங்க" என்று உத்தரவு போட்டான். உடைசல் தொட்டியைப் பார்த்து மிரண்டிருந்த ஆட்கள் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார்கள். இருபது கப்பும் இடது பக்கமாக, ஒரே அளவுக்கு, ஒரே இடத்தில் கோணியிருந்தன. வரிசையில் வைத்தால் 'இடப்பக்கம் பார்' என்ற கட்டளையைக் கேட்ட போலீஸ்காரர்கள் மாதிரி நின்றன.

"இதுக்குப் பேரு கோணல் இல்ல. இதுவும் ஒரு அளவு" என்றாள் சுலோச்சனா.

"அப்ப நீயே பண்ணிக் காட்டு."

கடுப்பில்தான் சொன்னான். சுலோச்சனா புவனாவின் அறைக்குப் போனாள்.

"பாப்பா, லோடு என் கையில விடு. கோளாறு எப்டி வருதுன்னு இந்தக் கம்பெனில எனக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷமா அத நிறுத்தத்தான் பாடுபட்டேன்."

புவனா தலையாட்டினாள். மறுப்பதற்கு அவளிடம் வேறு ஆள் இல்லை.

சுலோச்சனா முதலில் செய்த காரியம், 'வேலை நேரத்தில் பேசக் கூடாது' என்ற போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது. இரண்டாவது காரியம், பூச்சு முக்கும் இடத்தில் இருந்த மணியம்மையையும் கௌரியம்மாளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சில் கை நின்றுவிடும், பூச்சு தடித்துவிடும் என்றுதான் பத்து வருஷத்துக்கு முன்னால் அவளே ஒருத்தியை இந்தக் கோடிக்கும் இன்னொருத்தியை அந்தக் கோடிக்கும் அனுப்பியிருந்தாள்.

"மணியம்ம, பேசு" என்றாள்.

"இன்னா பேசறது?"

"உம் மருமவளப் பத்தி பேசு."

மணியம்மை கப்பைப் பூச்சில் முக்கினாள். "அவளப் பத்தி பேச இன்னா கீது" என்று ஆரம்பித்தாள். "போன வாரம் பாரு கௌரி, எங்க ஊட்டு ரசத்துல..." கப் பூச்சுக்குள்ளேயே இருந்தது. ரசம் முடிந்து அவள் வெளியே எடுத்தபோது பூச்சு ஒரு பக்கம் தடித்து, உதட்டிலிருந்து அடிவரைக்கும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "அய்யய்யோ" என்றாள் மணியம்மை.

"அப்டியே வையி. அடுத்தது எடு. அப்பறம் இன்னா சொன்னா?"

அச்சு பிரிக்கிற இடத்தில் நின்ற ராஜேஷ் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் அவசரப்படுகிறவன். காயுமுன் பிரிப்பான், கப்பின் வாய் நெளியும். சுலோச்சனா அவனுடைய சாப்பாட்டை அரை மணி தள்ளி வைத்து, பக்கத்து அறையில் கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணச் சொன்னாள். அந்த அரை மணி நேரத்தில் பிரித்த அறுபது கப்பும் அறுபது விதமாக நெளிந்தன.

எல்லாவற்றையும் விட்டுவிடவும் இல்லை. உள்பக்கம் ஒரு துளைகூட இருக்கக் கூடாது, டீக்கறை பிடிக்கும் என்றாள். அடி சமமாக உட்கார வேண்டும். கைப்பிடி ஒட்டுகிற இடத்துக்கு மட்டும் யாரும் யாரோடும் பேசக் கூடாது. அங்கே பழைய போர்டைப் போல ஒன்று எழுதி மாட்டினாள். "கோணல் கண்ணுக்கு இருக்கட்டும். கைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு ஹேமநாதனைக் கைப்பிடிக்குக் காவல் போட்டாள். அவனோடு பேச யாருக்கும் விருப்பம் இல்லாததால் அந்த இடம் அமைதியாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் சூளை திறந்தது. மோனிகா பத்து மணிக்கு வந்துவிட்டாள். அதற்குள் சுலோச்சனா நூற்றறுபது கப்பைத் தட்டி முடித்திருந்தாள். ஓசையில் தேறியவை துணி விரித்த மேஜையில் இருந்தன. நாற்பது இன்னும் சூளைத் தட்டிலேயே சூடு ஆறிக்கொண்டிருந்தது.

மோனிகா மேஜையைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். "பியூட்டிஃபுல்" என்றாள். ஹேமநாதன் தானே நெளித்தது போல நின்றான். அப்புறம் அவள் பார்வை சூளைத் தட்டுக்குப் போனது. அங்கிருந்த ஒன்றை எடுத்தாள். மணியம்மையின் மருமகள் நகை கேட்ட கதையின்போது முக்கியது அது. பழுப்புப் பூச்சில் நீலம் கலந்து மயில் கழுத்தாக வழிந்திருந்தது.

"இதுதான் ஓட்டல் மெனு கார்டுல அட்டைப் படம். இதை நானே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"குடும்மா, தட்டிப் பாக்கல" என்றாள் சுலோச்சனா.

வாங்கினாள். தட்டினாள்.

டக்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது. மோனிகா ஒருத்திக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை. சுலோச்சனா புவனாவைப் பார்த்தாள். புவனாவின் முகம், விட்டுடுங்கக்கா, ஒண்ணே ஒண்ணுதானே என்றது. ஹேமநாதன் கண்ணால் கும்பிட்டான். இந்த ஒரு கப்பில் ஆயிரத்து இருநூறு கப் இருக்கிறது, சூளை இருக்கிறது, இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். சுலோச்சனாவுக்கும் அது தெரியும். மறுபடி ஒரு முறை தட்டினாள். பாவம் பார்த்தாவது ஓசை மாறுமா என்று.

டக்.

ஹேமநாதன் பாய்ந்து வந்தான். ஆனால் தொட்டி பக்கத்தில் இருந்தது, அவன் தூரத்தில் இருந்தான்.

மோனிகா வாயில் கை வைத்தபடி நின்றாள். "என்ன பண்ணிட்டீங்க?"

சுலோச்சனா குனிந்து கைப்பிடியோடு வந்த துண்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"இங்க பாருங்க. இது இப்ப நான் ஒடச்ச எடம், வெள்ளையா கீது. இது பழுப்பா கீது பாருங்க. சூளைக்குப் போறப்பவே விட்டுப்போன எடம். பூச்சு உள்ள பூந்து மூடிகினு கீது, அதான் கண்ணுக்குத் தெரியல. சூடா டீ ஊத்தித் தூக்கினா கைப்பிடி கையில நிக்கும். கப்பு மடியில எறங்கும்."

மோனிகா துண்டை வாங்கி விரலால் தடவினாள். வாசலில் நின்றிருந்த பூபாலன் உதவி செய்ய வேண்டிய நேரம் என்று நினைத்து, தாய்மாமன் கதையை முகூர்த்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சொன்னான். புவனா கண்ணை மூடிக்கொண்டாள். சாமான் வாங்க வந்தவளிடம் கம்பெனி இதுவரை மறைத்து வைத்த ஒரே கதை அது.

மோனிகா முழுக்கக் கேட்டாள்.

"அந்தத் தாய்மாமா இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா நடக்கிறாருங்க. உக்காறதுக்குத்தான் யோசிப்பாரு."

மோனிகா பையைக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மிச்ச முப்பத்தொன்பதையும் என் முன்னாடி தட்டுங்க" என்றாள்.

சுலோச்சனா தட்டினாள். ஆறு 'டக்' என்றன. ஒவ்வொன்றும் தொட்டிக்குப் போகும்போது மோனிகா உடைந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். ஆறாவதை அவளே தட்டிப் பார்த்து, "இது போச்சு, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆங். போச்சு."

ஆர்டர் கிடைத்தது. எழுதிக் கொடுத்த காகிதத்தில் இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு கப்பையும் சுலோச்சனா தட்டியிருக்க வேண்டும். நேராக வந்த கப்பை எந்தப் பெட்டியிலும் சேர்க்கக் கூடாது. கையெழுத்து போட்டுவிட்டு புவனா வெளியே போய்ச் சூளைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தூசி என்றாள்.

முதல் மூன்று லோடு ஒழுங்காகக் கோணியது. நாலாவது லோடைப் பூச்சில் முக்கிய வாரம் மணியம்மையின் மருமகள் அவள் அம்மா வீட்டுக்குத் திருவாலங்காடு போயிருந்தாள். மணியம்மைக்குப் பேச ஒன்றும் இல்லை. கௌரியம்மாள் எவ்வளவோ தூண்டிப் பார்த்தாள். "ஊட்ல இல்லாதவளப் பத்தி இன்னாத்தப் பேசறது" என்றுவிட்டாள். அந்த வாரம் ராஜேஷும் விரதம்; கருவாட்டை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சூளை திறந்தபோது பதினான்கு கப் நேராக இருந்தன.

சுலோச்சனா ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டினாள். டங். டங். டங். பதினான்கும் கோயில் மணி மாதிரி நீண்டன. வாய் வட்டம் பிசகவில்லை. பூச்சு ஓர் இடத்திலும் தடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு தட்டு முழுக்க வந்தது பத்து முறைகூட இருக்காது. மோனிகாவின் காகிதப்படி பதினான்கும் கழிசல்.

முதல் கப்பைத் தொட்டியில் வைத்தாள். இரும்புச் சுத்தியை எடுத்தாள். தூக்கினாள். கை மேலேயே நின்றது. ராஜேஷ் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சுலோச்சனா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்து, "உனக்கு இன்னா இங்க வேடிக்க?" என்றாள்.

சாயங்காலம் கேட்டில் பூபாலன் வழக்கம்போல கையை நீட்டினான். பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. திறந்தான். பழைய புடவைத் துணியில் சுற்றிய கப்புகள் அடுக்கியிருந்தன.

"இன்னாக்கா இது?"

"ரிஜக்ட்டு."

"ஒடைக்காமயா?" இருபத்திரண்டு வருஷக் காவலில் அவன் குரல் இவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "சட்டம் இன்னா, உனக்கே தெரியும். மொத்த சட்டமும் நீதான்."

"ஒடைக்கத்தான் சுத்திய தூக்கினேன். இன்னா கோளாறுன்னு நெனச்சிகினு ஒடைக்கறது? நீ சொல்லு, ஒடைக்கறேன்."

பூபாலன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே பார்த்தான். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினான். ஒரு கோளாறாவது கண்டுபிடிக்க அவன் உண்மையிலேயே முயற்சி செய்தான். கடைசியில் நகத்தால் ஒரு தட்டு தட்டினான். ஓசை அடங்கும்வரை காத்திருந்தான். அது உடனே அடங்கவில்லை.

"ஊட்ல நானும் அவளுமா ரெண்டு பேரு" என்றான்.

சுலோச்சனா இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டையும் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டான்.